மரத்தைக் குடையும் தச்சன் எறும்பு: வாசகர் கேள்வி – பதில்

மரச்சட்டமும் பலகையும் அதிகம் உள்ள வீடுகளில் பெரிய கறுப்பெறும்புத் தொல்லை பற்றி வந்த கேள்விகளை இந்த முறை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். கேள்விகள் வெவ்வேறாக இருந்தாலும், பெரும்பாலானவற்றின் பின்னால் இருக்கும் காரணம் ஒன்றுதான்: வீட்டில் எங்கோ ஒரு மரம் நனைந்துகொண்டிருக்கிறது. அதை விட்டுவிட்டு எறும்பை மட்டும் துரத்தினால், அடுத்த ஆண்டும் இதே கேள்வியை எழுத வேண்டியிருக்கும். ஆகவே ஈரத்தைப் பற்றிப் பல பதில்களில் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறோம்.

கேள்வி: குளியலறை ஜன்னலுக்குக் கீழே காலையில் பார்த்தால் மரத்தூள் போலக் கொஞ்சம் கொட்டிக் கிடக்கிறது. இரவில் பெரிய கறுப்பெறும்புகள் திரிகின்றன. இது கரையானா, தச்சன் எறும்பா?

அந்தத் தூளை உடனே கூட்டித் தள்ளிவிடாதீர்கள். பாதி பதில் அதில்தான் இருக்கிறது. ஒரு வெள்ளைத் தாளில் எடுத்துப் பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். தச்சன் எறும்பு வெளியே தள்ளுவது மாவு போல் இருக்காது. பென்சில் சீவியதுபோல் நார்நாரான சிறு சீவல்களாக இருக்கும். அதோடு செத்த எறும்பின் கால், தலை, வேறு பூச்சிகளின் இறக்கைத் துணுக்கு எல்லாம் கலந்திருக்கும். கூட்டில் சேரும் குப்பையையும் செத்தவற்றையும் சீவலோடு சேர்த்தே அவை வெளியே கொட்டும். வெப்பக்காப்புக்காகச் சுவருக்குள் நுரைப்பலகை வைத்த வீடுகளில் வெள்ளை நுரைத் துகளும் விழலாம்.

தூள் மைதா போல நைசாக இருந்து, மரத்தில் குண்டூசித் தலை அளவு வட்டத் துளைகள் தெரிந்தால், அது மரத்தைத் துளைக்கும் வண்டின் வேலை. மணல் போலக் கெட்டியாக, ஆறு பட்டையுள்ள சிறு மணிகளாக இருந்தால் உலர்மரக் கரையான். மண்ணிலிருந்து ஏறும் கரையான் தூள் எதையும் கொட்டாது. சுவரில் மண்குழாய் கட்டிக்கொண்டுதான் வரும். அது குடைந்த மரத்தைப் பிளந்தால் உள்ளே மண் அப்பியிருக்கும். தச்சன் எறும்பு குடைந்த வழியோ உப்புத்தாள் போட்டுத் தேய்த்ததுபோல் வழவழவென்று சுத்தமாக இருக்கும்.

அடுத்து எறும்பையே பாருங்கள். பக்கவாட்டில் வைத்துப் பார்த்தால், நடு உடலின் மேற்புறம் மேடுபள்ளம் இல்லாமல் ஒரே வளைவாக இருக்கும். இடுப்பில் ஒரே ஒரு முடிச்சு இருக்கும். உணர்கொம்பு முழங்கை போல மடிந்திருக்கும். ஒரே வரிசையில் 6 மில்லிமீட்டர் எறும்பும் 13 மில்லிமீட்டர் எறும்பும் சேர்ந்து நடப்பதும் நல்ல அடையாளம். நிறத்தை நம்பாதீர்கள். முழுக் கறுப்பு, சிவப்பும் கறுப்பும், பழுப்பு என்று பல நிறங்களில் உண்டு.

இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். இவை சேர்ந்த கம்போனோட்டஸ் பேரினத்தில் 1000-க்கும் மேற்பட்ட இனங்கள் இருக்கின்றன. அவற்றில் பல மண்ணில்தான் கூடு கட்டும். மரத்தைத் தொடுவதே இல்லை. பெரிய கறுப்பெறும்பு கண்ணில் பட்டதும் வீடே அரிக்கப்படுகிறது என்று பதற வேண்டாம். உணவு தேடி உள்ளே வந்த இரண்டு மூன்று எறும்புகள் கவலைப்பட வேண்டிய விஷயம் இல்லை. தினமும் இரவு ஒரே இடத்தில் வரிசையாக நடப்பது, ஒரே இடத்தில் சீவல் சேர்வது, வீட்டுக்குள்ளேயே இறக்கை எறும்புகள் கிளம்புவது இந்த மூன்றில் ஒன்றாவது இருந்தால், கூடு உள்ளேயோ ஒட்டியோ இருக்கிறது. உங்களுக்குச் சீவல் விழுகிறது என்பதால் ஜன்னல் நிலையின் கீழ்ச்சட்டத்தைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

கேள்வி: இவை மரத்தைத் தின்னுமா? எவ்வளவு வேகமாக வீட்டைக் கெடுக்கும்?

தின்னாது. தாடையால் வெட்டி வெளியே எறிந்து, குடியிருக்க இடம் செய்துகொள்ளும், அவ்வளவுதான். கரையானைப் போல மரத்தைச் செரிக்கும் வசதி அதற்குக் கிடையாது. செடியில் மொய்க்கும் அசுவினிப் பூச்சி சுரக்கும் இனிப்பு நீர், மற்ற பூச்சிகள், சமையலறையில் சிந்திய இனிப்பு, இறைச்சி இவைதான் உணவு. மரத்தின் மேற்பரப்பில் தடவிய மருந்து கரையானைக் கொல்வதுபோல் இதைக் கொல்லாமல் போவதற்கு இதுவே காரணம்: வெட்டிய மரம் அதன் வயிற்றுக்குள் போவதில்லை.

வேகத்தைப் பொறுத்தவரை, இது ஒரே மாதத்தில் உத்தரத்தைச் சாய்க்கும் பூச்சி இல்லை. ஒரு ராணி தனியாகத் தொடங்கும் கூடு, இறக்கை எறும்புகளை அனுப்பும் அளவு வளர 3 முதல் 6 ஆண்டுகள் ஆகும். அப்போது அதில் சில ஆயிரம் வேலைக்கார எறும்புகள் இருக்கும். முதலில் நனைந்து மென்மையான மரத்தில் தொடங்கி, மரநாரின் போக்கிலேயே போய், கெட்டியான வளையங்களை விட்டுவிட்டு இளகிய பகுதியைக் குடையும். இடம் போதாதபோது நல்ல மரத்துக்குள்ளும் நுழையும். இரண்டு வாரம் நிதானமாகத் தேட உங்களுக்கு அவகாசம் இருக்கிறது. இரண்டு ஆண்டு தள்ளிப்போட அவகாசம் இல்லை.

கேள்வி: வாரம் தவறாமல் ஸ்பிரே அடிக்கிறோம். நான்கு நாள் ஒன்றும் தெரிவதில்லை. பிறகு மீண்டும் வந்துவிடுகின்றன. ஏன்?

நீங்கள் கொல்வது இரை தேடி வெளியே வந்தவற்றை மட்டும். கூட்டத்தில் அவை ஒரு சிறு பங்குதான். ராணி உள்ளே முட்டையிட்டுக்கொண்டே இருக்கும், இழப்பு ஈடாகிவிடும்.

கூடு எப்படி அமைந்திருக்கிறது என்று தெரிந்தால் மற்றதெல்லாம் விளங்கும். தாய்க்கூடு ஒன்று இருக்கும். ராணி, முட்டை, இளம் புழுக்கள் எல்லாம் அதில்தான். முட்டை காய்ந்தால் கெட்டுவிடும் என்பதால் தாய்க்கூட்டுக்கு ஈரமான மரம் தேவை. உளுத்த அடிமரம், பட்டுப்போன மரத்தின் உள்பகுதி, கசிவில் ஊறிய சட்டம் போன்ற இடங்களில் அது இருக்கும். கூட்டம் பெருகியதும், வளர்ந்த புழுக்களையும் கூட்டுப்புழுக்களையும் தூக்கிக்கொண்டுபோய் வெளியே கிளைக்கூடுகள் அமைக்கும். கிளைக்கூட்டுக்கு ஈரம் அவ்வளவு முக்கியமில்லை, கதகதப்பு போதும். சுவர்ப் பலகைக்குப் பின்னால் உள்ள வெற்றிடம், உள்ளீடற்ற கதவு, பொய்க்கூரை, நுரைப்பலகை எல்லாமே அதற்கு ஒத்துவரும். உங்கள் வீட்டில் இருப்பது கிளைக்கூடாகவும், தாய்க்கூடு தோட்டத்து அடிமரத்திலும் இருக்கலாம். இரண்டுக்கும் இடையே இரவெல்லாம் போக்குவரத்து நடக்கும். கூட்டிலிருந்து இரைக்காக 100 மீட்டர் தூரம்வரை போகக்கூடியவை இவை.

ஸ்பிரேயில் இன்னொரு கெடுதலும் உண்டு. கடைகளில் கிடைக்கும் பெரும்பாலான ஸ்பிரேக்களில் பைரித்ராய்டு வகை மருந்து இருக்கும். அது எறும்பை விரட்டவும் செய்யும். மருந்து பட்ட பாதையை விட்டு அவை வேறு வழி போட்டுக்கொள்ளும். சில சமயம் கூட்டையே இன்னும் உள்ளே நகர்த்திவிடும். அப்புறம் விஷம் கலந்த இரையை அந்த இடத்தில் வைத்தாலும் கிட்ட வராது. இன்றே ஸ்பிரேயை நிறுத்துங்கள். அடித்த இடங்களைச் சோப்புத் தண்ணீரால் துடைத்துவிட்டு, ஓரிரு வாரம் கழித்து அடுத்த பதிலில் சொல்லும் தேடலைத் தொடங்குங்கள்.

கேள்வி: கூட்டைக் கண்டுபிடிப்பது எப்படி? சுவரை உடைக்காமல் முடியுமா?

பெரும்பாலும் முடியும். பொறுமையும் ஒரு டார்ச் விளக்கும் வேண்டும்.

இவை பகலில் சோம்பி இருந்துவிட்டு, பொழுது சாய்ந்த பிறகு கிளம்பும். இருட்டி அரைமணி நேரத்திலிருந்து நள்ளிரவுவரை நடமாட்டம் அதிகம். டார்ச் கண்ணாடியில் சிவப்புக் கண்ணாடித்தாளை ஒட்டிக்கொள்ளுங்கள். எறும்புக்குச் சிவப்பு வெளிச்சம் சரியாகத் தெரியாது என்பதால் கலைந்து ஓடாது. தேனில் சம அளவு தண்ணீர் கலந்து ஒரு அட்டைத் துண்டில் நான்கு சொட்டு விட்டு, எறும்பு வழக்கமாக நடக்கும் இடத்தில் மாலையே வைத்துவிடுங்கள். பக்கத்தில் செத்த பூச்சி ஒன்றை நசுக்கி வையுங்கள். வருகிற எறும்பைப் பார்க்காதீர்கள். வயிறு புடைத்துத் திரும்புகிற எறும்பைப் பாருங்கள். அதுதான் வீட்டுக்குப் போகிறது. பூச்சித் துண்டைத் தூக்கிச் செல்வதைப் பின்தொடர்வது இன்னும் எளிது.

அவை ஓரங்களையே பிடித்து நடக்கும். சுவரும் தரையும் சேரும் விளிம்பு, தண்ணீர்க் குழாய், மின்கம்பி, வேலியின் மேல்சட்டம், தோட்டக் குழாய், கூரையைத் தொடும் மரக்கிளை எல்லாம் அவற்றுக்குச் சாலை. வீட்டைச் சுற்றி வெளியிலும் ஒரு நடை போய்ப் பாருங்கள். புல் நடுவே விரல் அகலத்தில் சுத்தமான தடம் தெரிந்தால் அது பல மாதமாகப் பயன்படுத்திய பாதை. ஒரே இரவில் முடிந்துவிடாது. எறும்பு மறையும் இடத்தில் ஒரு துண்டு ஒட்டுநாடாவை ஒட்டி அடையாளம் வைத்து, மறுநாள் அங்கிருந்து தொடருங்கள்.

பகலில் செய்ய வேண்டியது ஈரத் தேடல். குளியல்தொட்டி, ஷவர் ஓடுகளின் பின்புறம், கழுவுதொட்டிக்கு அடியிலுள்ள பலகை, ஜன்னல் நிலையின் கீழ்ச்சட்டம், வாசல் நிலையின் அடி, கூரையின் இரு சரிவுகள் சேரும் பள்ளம், புகைபோக்கியைச் சுற்றி, அடைத்துப்போன மழைநீர்த் தாரைக்குப் பின்னுள்ள பலகை, சுவருக்குள் செருகிய உத்தரத்தின் முனை, மண்ணைத் தொடும் தூண் இவற்றை ஒவ்வொன்றாகப் பாருங்கள். பெயின்ட் உப்பியிருக்கிறதா, கறை இருக்கிறதா, ஸ்க்ரூடிரைவர் முனையால் அழுத்தினால் உள்ளே இறங்குகிறதா என்று சோதியுங்கள். மரத்தின் ஈரம் அளக்கும் கருவி கிடைத்தால் மிக நல்லது. 20 சதவீதத்துக்கு மேல் காட்டும் மரம் உளுக்கும் ஆபத்தில் இருக்கிறது. அதன் அருகே எறும்பும் நடமாடினால் தேடியது கிடைத்த மாதிரிதான்.

கடைசியாகக் காது. சந்தேகமான இடத்தில் ஸ்க்ரூடிரைவரின் கைப்பிடியால் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, ஒரு கண்ணாடி டம்ளரைச் சுவரில் கவிழ்த்துக் காதை வையுங்கள். கூடு கலைந்தால் காய்ந்த சருகு சலசலப்பது போன்ற சத்தம் வரும். குடையப்பட்ட மரம் தட்டும்போது வெறுமையாக ஒலிக்கும்.

கேள்வி: கடித்தால் ஆபத்தா?

கொடுக்கு இல்லை. பெரிய எறும்பின் கடி வலிக்கும். கடித்த இடத்தில் ஃபார்மிக் அமிலத்தைப் பீய்ச்சுவதால் எரியும். சோப்புப் போட்டுக் கழுவினால் போதும்.

கேள்வி: போரிக் ஆசிட் கலந்து சர்க்கரைத் தண்ணீர் வைத்தோம். முதல் நாள் மொய்த்தன, நிறையச் செத்தன. மறுநாளிலிருந்து திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அளவு தவறா?

ஆம், மருந்து கூடிப்போய்விட்டது. பக்கத்திலேயே செத்துக் கிடந்தால் அது வெற்றி இல்லை. குடித்த எறும்பு உயிரோடு கூட்டுக்குப் போய்ச் சேர வேண்டும். இவற்றின் உடலில் உணவைச் செரிக்காமல் சேமிக்கும் ஒரு பை இருக்கிறது. அதிலிருந்து கக்கி, வாயோடு வாய் வைத்து மற்றவற்றுக்கு ஊட்டும். ஒரு எறும்பு கொண்டுபோனது பல வாய்களைக் கடந்து புழுக்களையும் ராணியையும் எட்ட இரண்டு மூன்று நாள் பிடிக்கும். அதுவரை மருந்து தன் வேலையைக் காட்டக் கூடாது.

சரியான அளவு 1 சதவீதம். அரை லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீர், 50 கிராம் சர்க்கரை, 5 கிராம் போரிக் ஆசிட். தூள் அடியில் தங்காமல் முழுதும் கரையும்வரை கலக்குங்கள். கரையாமல் நின்றால் அடியில் உள்ள திரவம் மட்டும் வீரியம் கூடிவிடும். போரிக் ஆசிட்டுக்குப் பதில் வெண்காரம் என்றால் 7.5 கிராம் வேண்டும், ஏனெனில் அதில் எறும்பைக் கொல்லும் பொருளான போரான் குறைவு. சமையலறைக் கரண்டியால் அளக்காதீர்கள். சிறு எடைபார்க்கும் கருவியைப் பயன்படுத்துங்கள். 5 கிராம் 15 கிராம் ஆவது இப்படித்தான்.

மூடியுள்ள சிறு பிளாஸ்டிக் டப்பாவின் பக்கத்தில் 5 மில்லிமீட்டர் துளைகள் நான்கு போட்டு, உள்ளே பஞ்சை வைத்து அது நனையும் அளவு மட்டும் ஊற்றுங்கள். திறந்த தட்டில் ஊற்றினால் எறும்பு மூழ்கிச் சாகும். மாலையில், நடமாடும் தடத்தின் ஓரத்தில், ஒன்றல்ல, நான்கைந்து டப்பாக்கள் வையுங்கள். இரண்டு மூன்று நாளுக்கொரு முறை திரவத்தை மாற்றுங்கள். புளித்தாலோ பூஞ்சை படிந்தாலோ தொடாது. ஒரு வாரம் வந்து நின்றுவிட்டது என்று எடுத்துவிடாதீர்கள். பெரிய கூட்டத்துக்கு ஆறு முதல் எட்டு வாரம்வரை தொடர்ந்து வைக்க வேண்டியிருக்கும்.

இனிப்பைச் சட்டை செய்யவே இல்லையென்றால் இரண்டு காரணம் இருக்கலாம். கூட்டில் புழுக்கள் அதிகம் வளரும் பருவத்தில் அவற்றுக்குப் புரதம்தான் தேவை. ஒரு அட்டையில் தேன் சொட்டும் பூனைக்கான ஈர உணவில் மிளகளவும் அருகருகே வைத்து எதைத் தேர்ந்தெடுக்கின்றன என்று முதலில் பாருங்கள். புரதத்தை எடுத்தால், தச்சன் எறும்புக்கென்றே விற்கும் புரத இரையைக் கடையில் வாங்குங்கள். இரண்டாவது காரணம், தோட்டத்துச் செடிகளில் அசுவினி மொய்த்துக் கிடப்பது. அங்கே இலவசமாக இனிப்பு கொட்டும்போது உங்கள் டப்பாவுக்கு ஏன் வர வேண்டும்? செடிகளைத் தண்ணீர் பீய்ச்சி அலசிவிட்டுப் பிறகு வையுங்கள்.

வீட்டில் கலந்த விஷ இரைக்குச் சில நாடுகளில் அனுமதி இல்லை. அங்கே இருப்பவர்கள் பதிவுபெற்ற ஜெல் அல்லது திரவ இரையை வாங்கி, அட்டையில் சொன்ன அளவில் வைப்பதே முறை.

கேள்வி: ஜன்னலுக்குப் பக்கத்துச் சுவர்ப் பலகைக்குள் கூடு என்று உறுதியாகிவிட்டது. அடுத்து என்ன?

கசிவை அடையுங்கள். மருந்துக்கு முன் அதுதான். நனைந்த வெற்றிடத்தில் தூவிய மருந்துத்தூள் கட்டிதட்டிப் போய் எறும்பின் உடம்பில் ஒட்டாது. அரைப் பயன்கூட இருக்காது.

கசிவு நின்று, இடம் கொஞ்சம் உலர்ந்ததும் வெற்றிடத்தில் தூள் மருந்து செலுத்த வேண்டும். போரிக் ஆசிட் தூளோ, டெல்டாமெத்ரின் 0.05 சதவீதத் தூளோ போதும். போரிக் ஆசிட் மெதுவாகக் கொல்லும்; ஆனால் உலர்ந்த இடத்தில் பல ஆண்டு வீரியம் குறையாது. மரச்சட்டச் சுவரில் நிற்கும் சட்டங்கள் பெரும்பாலும் 40 அல்லது 60 செ.மீ. இடைவெளியில் இருக்கும். இரண்டு சட்டங்களுக்கு நடுவே உள்ள ஒவ்வொரு அறையும் தனித்தனி. ஒரு அறையில் தூவியது பக்கத்து அறைக்குப் போகாது. வீட்டில் செய்பவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான்: ஒரே துளை போட்டு, டப்பா முழுவதையும் அதில் கொட்டிவிட்டு, பலனில்லை என்பார்கள். கூடு இருக்கும் அறைக்கும் அதன் இருபுறத்து அறைகளுக்கும் தனித்தனியாகத் துளை வேண்டும்.

முதலில் அந்தப் பகுதியின் மின்சாரத்தை நிறுத்துங்கள். கம்பியும் குழாயும் எந்த வழி போகின்றன என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஸ்விட்சுக்கும் பிளக்குக்கும் நேர் மேலும் கீழும் ட்ரில் போடக் கூடாது. 3 அல்லது 4 மில்லிமீட்டர் முனையில், பலகையின் கனத்துக்கு மேல் இறங்காதபடி ஒட்டுநாடா சுற்றி அளவு வைத்துக்கொள்ளுங்கள். நேரம் முற்பகலாக இருக்கட்டும். இரவில் போனவை எல்லாம் அப்போது கூட்டுக்குள் இருக்கும். தூவும் ரப்பர்க் குப்பியைப் பாதிக்கு மேல் நிரப்பக் கூடாது. தூளை விடக் காற்று அதிகமாக இருந்தால்தான் புகை போல உள்ளே பரவும். ஒரு துளைக்கு மூன்று நான்கு அழுத்தம் போதும். குவியலாக விழுந்தால் எறும்பு அதைச் சுற்றிப் போய்விடும். கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத படலம்தான் வேலை செய்யும். முகமூடியும் கண்ணாடியும் கையுறையும் கட்டாயம். முடிந்ததும் வெளியில் ட்ரில் போட்ட துளைகளை நாடாவால் தற்காலிகமாக மூடுங்கள். எறும்பு வந்துபோன பழைய வழிகளை மூன்று வாரம் அடைக்காதீர்கள். வெளியே போனவை உள்ளே வந்து தூளில் நடக்க வேண்டும். நடமாட்டம் அடங்கிய பிறகு எல்லாவற்றையும் அடைத்துவிடலாம்.

கூடு கைக்கெட்டும் இடத்தில் இருந்து, பலகையைக் கழற்ற முடிந்தால் இன்னும் சுருக்கமான வழி உண்டு. கழற்றிய கையோடு வாக்குவம் கிளீனரால் எறும்பு, புழு, கூட்டுப்புழு எல்லாவற்றையும் உறிஞ்சி எடுத்துவிட்டு, பையை இறுகக் கட்டி வெளியேற்றுங்கள். மிச்சத்துக்குத் தூள். ராணி கிடைத்தால் வேலை முடிந்தது. கிளைக்கூடாக இருந்தால் ராணி இருக்காது; வெளித் தடத்தில் இரையும் வைத்தாக வேண்டும்.

கேள்வி: வெளியே நல்ல குளிர். வீட்டுக்குள் ஜன்னல் ஓரத்தில் திடீரென்று ஐம்பது அறுபது இறக்கை எறும்புகள்! எங்கிருந்து வந்தன?

வீட்டுக்குள்ளிருந்துதான். வெளியே எறும்பே நடமாட முடியாத குளிரில் இவை உள்ளே தோன்றினால், சூடேறிய சுவரிலோ கூரையிலோ கூடு இருக்கிறது என்பது ஏறக்குறைய உறுதி. அதுவும் குறைந்தது மூன்று நான்கு ஆண்டு பழைய கூடு. கோடையின் முன்மாலையில் திறந்த ஜன்னல் வழியாக வந்த ஒன்றிரண்டுக்கு இந்தக் கணக்குப் பொருந்தாது.

ஈசலோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். கரையான் ஈசலின் நான்கு இறக்கையும் ஒரே நீளம், இடுப்பு தடித்திருக்கும். எறும்புக்கு முன் இறக்கை நீளம், பின் இறக்கை குட்டை, இடுப்பு ஒடுங்கியிருக்கும். வாக்குவத்தால் உறிஞ்சிவிடுங்கள், மருந்து அடிக்கத் தேவையில்லை. ஆனால் எந்த இடுக்கிலிருந்து வெளியே வந்தன என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். பல வாரம் தேட வேண்டியதை அந்த ஒரு நாள் காட்டிக்கொடுத்துவிடும்.

கேள்வி: வாசலருகே உள்ள பெரிய மரத்தின் பொந்தில் கூடு இருக்கிறது. மரத்தை வெட்டிவிடலாமா?

வேண்டாம். எறும்பு அந்த மரத்தைக் கொல்லவில்லை. ஏற்கெனவே உளுத்துப்போன, உயிரற்ற நடுப்பகுதியில்தான் அது குடியிருக்கிறது. மரம் சாயுமா என்ற பயம் நியாயமானது. ஆனால் அதை முடிவு செய்ய வேண்டியது எறும்பை வைத்து இல்லை. உளுத்தல் எவ்வளவு பரவியிருக்கிறது என்பதை வைத்து. மரங்களைப் பற்றித் தெரிந்த ஒருவர் வந்து பார்க்கட்டும். பொந்தில் சிமென்ட் கொட்டி அடைப்பது பழைய தவறு. உள்ளே ஈரத்தைத் தேக்கி உளுத்தலைக் கூட்டும். உயிருள்ள மரத்தில் ட்ரில் போட்டு மருந்து ஊற்றுவதும் அப்படித்தான்; துளை வழியாக நல்ல பகுதிக்கும் பூஞ்சை இறங்கும்.

செய்ய வேண்டியவை: கூரையையும் சுவரையும் தொடும் கிளைகளைக் குறைந்தது 1 மீட்டர் விலகும்படி வெட்டுங்கள். மரத்தடியில் விஷ இரை வையுங்கள். வெட்டிப்போட்ட பழைய அடிமரம் மண்ணில் புதைந்திருந்தால் தோண்டி அகற்றுங்கள். விறகை வீட்டுச் சுவரில் சாய்த்து அடுக்காதீர்கள். 6 மீட்டராவது தள்ளி, தரையிலிருந்து ஒரு சாண் உயர்த்தி அடுக்குங்கள். உள்ளே கொண்டுவருவது அன்றைக்கு எரிக்கும் அளவாக இருக்கட்டும்.

கேள்வி: வினிகர், மிளகாய்ப்பொடி, கொதிநீர், புகைமருந்து இவற்றில் எது உதவும்?

வினிகர் எறும்பின் வாசனைத் தடத்தை அழிக்கும். சில மணி நேரம் குழம்பும், பிறகு புதிய தடம் போடும். மிளகாய்ப்பொடியும் அவ்வளவே. கொதிநீரைச் சுவருக்குள் ஊற்றினால் நீங்களே அடுத்த கூட்டுக்கு ஈரம் வைத்துக்கொடுக்கிறீர்கள். அறை முழுக்கப் புகை நிரப்பும் டப்பாவை நாங்கள் கடுமையாகத் தடுக்கிறோம். அந்தப் புகை மரத்தின் குடைவுக்குள் நுழைவதில்லை. படுக்கை, பாத்திரம், விளையாட்டுப் பொருள் மீதெல்லாம் படிகிறது. அடுப்பின் சிறு சுடர் எரிந்துகொண்டிருந்தால் தீப்பற்றும்.

கேள்வி: வீட்டில் தவழும் குழந்தையும் ஒரு பூனையும் மீன்தொட்டியும் இருக்கின்றன. எதைப் பயன்படுத்தலாம்?

உங்கள் வீட்டுக்கு மூடிய டப்பாவில் இரையும், சுவருக்குள் அடைபடும் போரிக் ஆசிட் தூளும்தான் ஏற்றவை. தரையில், கம்பள ஓரத்தில், கட்டிலுக்கடியில் தூள் தூவக் கூடாது. குழந்தையின் கை வாய்க்குப் போகும். இரை டப்பாவைக் கழுவுதொட்டிக்குப் பின்னால், பூட்டிய அலமாரிக்குள், வெளிச்சுவர் ஓரத்தில் கல்லுக்கடியில் என்று கைக்கெட்டாத இடத்தில் இருபுற நாடாவால் ஒட்டிவிடுங்கள். கலந்த மிச்சத்தைக் குடிநீர்ப் புட்டியில் ஊற்றி வைக்கவே கூடாது. விபத்துகளுக்கு அதுவே பெரிய காரணம். பாத்திரத்தின் மேல் பெயரும் தேதியும் எழுதுங்கள்.

பைரித்ராய்டு வகையைச் சேர்ந்த பெர்மெத்ரின் பூனைக்குக் கொடிய நஞ்சு. நாய்க்குத் தாங்கும் அளவுகூட அதற்குத் தாங்காது. பைரித்ராய்டுகள் எல்லாமே மீனைக் கொல்லும். தூள் செலுத்தும் அன்று மீன்தொட்டியை மூடி, காற்றுக் குழாயை நிறுத்தி, முடிந்தால் வேறு அறைக்கு மாற்றுங்கள். யாராவது விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காமல், மருந்தின் அட்டையோடு உடனே மருத்துவரிடம் போங்கள்.

கேள்வி: எறும்பு போய்விட்டது. ஆனால் கூரை உத்தரத்தில் ஒரு அடி நீளத்துக்கு ஸ்க்ரூடிரைவர் இறங்குகிறது. மரப்புட்டி வைத்து அடைக்கலாமா?

பாரம் தாங்கும் மரத்தில் புட்டி கூடாது. ஓட்டை கண்ணுக்கு மறையும், வலு திரும்பாது. கட்டுமானம் தெரிந்த பொறியாளரோ அனுபவமுள்ள தச்சரோ பார்த்த பிறகே அதில் கைவைக்க வேண்டும். கெட்ட பகுதி சிறிதென்றால், அதே கனமும் உயரமும் உள்ள புதுச்சட்டத்தைப் பழையதன் பக்கத்தில் சேர்த்து, இருபுறமும் நல்ல மரம்வரை நீட்டி, போல்ட் போட்டு இறுக்குவார்கள். உளுத்த பகுதியை முதலில் வெட்டி நீக்கிவிட வேண்டும். அப்படியே விட்டால் பூஞ்சை புதுமரத்துக்கும் தாவும். வேலை நடக்கும்போது கூரையின் எடையைத் தற்காலிகத் தூண்கள் தாங்க வேண்டும். இது ஏணி வைத்து வீட்டிலேயே செய்கிற வேலை இல்லை.

அலங்காரச் சட்டம், ஜன்னல் விளிம்பு போன்றவற்றை நீங்களே மாற்றலாம். திறந்து கிடக்கும்போதே சுற்றியுள்ள மரத்துக்கு போரேட் (போரான் அடங்கிய உப்பு) கரைசல் பூசிவிடுங்கள். மரக்காப்புக்கென்று விற்கும் போரேட் தூள் 1 கிலோவை 9 லிட்டர் தண்ணீரில் கரைத்தால் 10 சதவீதம். பிரஷ்ஷால் ஒரு கை பூசி, ஒரு மணி நேரம் கழித்து இன்னொரு கை. பெயின்டோ வார்னிஷோ உள்ள மரத்தில் இது உள்ளே இறங்காது; சுரண்டிவிட்டுப் பூச வேண்டும். மழை படும் இடத்தில் கரைந்து போய்விடும் என்பதால் காய்ந்ததும் மேலே பெயின்ட் அவசியம். எறும்பு இந்த மரத்தைத் தின்னாதே, பிறகு எதற்கு என்று கேட்கலாம். உளுக்க வைக்கும் பூஞ்சையை இது தடுக்கிறது, கரையானையும் தடுக்கிறது. உளுக்காத கெட்டி மரத்தில் ராணி புதிதாகக் கூடு தொடங்குவது அரிது.

கேள்வி: எல்லாம் செய்து பார்த்துவிட்டோம். பூச்சி ஒழிப்பவர்களைக் கூப்பிடலாம் என்றிருக்கிறோம். அவர்களிடம் என்ன கேட்க வேண்டும்?

எத்தனை நாள் செய்து பார்த்தீர்கள் என்பது முக்கியம். இரை வைத்து மூன்று நான்கு வாரத்தில் தடம் பாதிக்கு மேல் மெலிந்திருந்தால் சரியான வழியில் போகிறீர்கள்; தொடருங்கள். எட்டு வாரம் கழித்தும் அதே கூட்டம் என்றாலோ, கூடு எட்டாத உயரத்தில் இருந்தாலோ, இறக்கை எறும்புகள் இரண்டாம் முறை கிளம்பினாலோ ஆளைக் கூப்பிடுவதுதான் சரி. வீட்டைச் சுற்றி ஃபிப்ரோனில் போன்ற, எறும்பு உணராத மருந்தை அடிப்பது நல்ல பலன் தரும். பல நாடுகளில் அதற்கு உரிமம் வேண்டும் என்பதாலும் அவர்கள் தேவைப்படுவார்கள். இவ்வகை மருந்தை எறும்பு விலக்காமல் நடந்து கடந்து, உடம்பில் ஒட்டிக்கொண்டு உள்ளே கொண்டுபோகும்.

வருபவரிடம் மூன்று விஷயம் கேளுங்கள். கூட்டைத் தேடுவாரா, அல்லது வெளிச்சுவரில் மட்டும் அடித்துவிட்டுப் போவாரா? மருந்தின் பெயர் என்ன, அது விரட்டும் வகையா, விரட்டாத வகையா? மரத்தின் ஈரத்தை அளந்து, எங்கே எத்தனை சதவீதம் என்று எழுதித் தருவாரா? அவர் வருவதற்கு முந்தைய இரண்டு வாரம் நீங்கள் எந்த ஸ்பிரேயும் அடிக்காதீர்கள். தடம் கலைந்திருந்தால் அவராலும் தேட முடியாது. நீங்கள் குறித்துவைத்த இடங்களையும் எடுத்துவைத்த சீவலையும் காட்டுங்கள். பரணில் ஏறாமல், குளியலறைக்கு அடியில் குனிந்து பார்க்காமல், வாசலில் நின்றபடியே ஆண்டு ஒப்பந்தத்தை நீட்டுபவராக இருந்தால் வேறு ஆளைப் பாருங்கள்.